முதல் அட்டையில் ஒரு பக்கம்

காலை ஒன்பது மணிக்கு மருதாசலத்தின் முதல் அட்டை நிமிடத்துக்கு மூன்று பிழைகள் செய்துகொண்டிருந்தது. பத்து மணிக்கு அது பதினொன்றாகிவிட்டது. இப்படியே போனால் மதியத்துக்குள் அட்டை செத்துவிடும். அதோடு ஒரு மனிதரின் இரண்டு ஆண்டு நினைவுகளும் போய்விடும்.

ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று எனக்குப் பயத்தைவிடப் பரவசம்தான் அதிகமாக இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தை ஒரு நொடிகூட நிறுத்தாமல் அதன் நினைவகத்தில் ஒரு துண்டைக் கழற்றி எடுப்பது கணினி உலகில் பழைய வித்தை. ஆனால் ஒரு மனிதர் விழித்து உட்கார்ந்து, நம்மோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் இடுப்பிலிருந்து நினைவகத்தைக் கழற்றுவது, எனக்குத் தெரிந்து, அதுவரை யாரும் செய்யாதது.

மருதாசலம் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் பதினான்கு ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர். நாற்பத்திரண்டு வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டார். பழைய ஞாபகங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. புதிதாக எதுவும்தான் தங்கவில்லை. எதைச் சொன்னாலும் நான்கு நிமிடம். அதற்குப் பிறகு அப்படி ஒன்று நடக்கவே இல்லை. எட்டு மாதம் அப்படி இருந்தவருக்குக் கோயம்புத்தூரில் உள்ள எங்கள் மையம் துணைநினைவு பொருத்தியது. மண்டைக்குள் மெல்லிய கம்பிகள், இடுப்பில் ஒரு தோல் பை, பைக்குள் நான்கு பள்ளங்கள், ஒவ்வொரு பள்ளத்திலும் ஓர் அட்டை செருகலாம். எல்லாவற்றையும் ஆள்வது நாங்கள் எழுதிய கர்னல், அதாவது இயங்குதளத்தின் மைய நிரல். அது ஆறு ஆண்டுகளாக ஒரு முறைகூட நிற்கவில்லை. நிறுத்தவும் முடியாது. நின்றால் வலிப்பு வரும். அட்டைகளில் இருப்பதும் அழிந்துவிடும்.

வேறெங்காவது ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். சட்டம் விடாது. மனித நினைவு ஒன்றுக்கு ஒரே ஒரு பிரதிதான். அதுவும் அவர் உடம்பில்தான் இருக்க வேண்டும்.

"வால்பாறையில அட்டை காலைக் கடிக்கும்" என்றார் மருதாசலம், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி. "நீங்க இடுப்புலயே கட்டி உட்டுருக்கீங்க. சொல்லுங்கம்மிணி, இன்னிக்கு என்ன பண்ணப் போறீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லோணும்."

நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மலையில பஸ் பிரேக் டவுன் ஆனா என்ன பண்ணுவீங்க?"

"பின்னால வர்ற வண்டியில ஆளுகள ஏத்தி உடுவேன்."

"அதேதான். உங்க முதல் அட்டை ஒரு பஸ். அதுல அறுபத்தஞ்சாயிரம் பக்கம் இருக்கு. பயணிகள்னு வெச்சுக்குங்க. நாலாவது பள்ளத்துல புது அட்டை போட்டிருக்கோம், காலி பஸ். பத்துப் பத்துப் பயணியா எறக்கி அங்க உக்கார வைக்கப் போறோம்."

"சீட்டு மாறிடுமே. அப்புறம் நான் எப்படிக் கண்டுபுடிக்கறது?"

"கண்டக்டர்கிட்ட லிஸ்ட் இருக்கே! உங்க மூளை சீட் நம்பரக் கேக்கறதில்ல, ஆளோட பேரத்தான் கேக்குது. எந்த வண்டியில, எந்த சீட்டுலன்னு கர்னல் பாத்துச் சொல்லுது. ஆள் மாறி உக்காந்ததும் லிஸ்ட்ட மாத்திடும். உங்களுக்கு எதுவும் தெரியாது. ஒரு பக்கம் நகர்ற அந்தக் கால் நொடியில நீங்க அதத் தேடினா மட்டும், நாக்கு நுனியில இருக்கு, வரமாட்டேங்குதுன்னு தோணும். அவ்வளவுதான்."

"கண்டக்டர் கெட்டிக்காரன்னா வண்டி ஓடிரும்" என்றார் அவர், என் சக பொறியாளர் நசீரைப் பார்த்து. நசீர் கணினித் திரைக்குப் பின்னாலிருந்து சல்யூட் அடித்தான்.

அப்போது அவர் மனைவி வசந்தாமணி தூக்குப்போசியோடு உள்ளே வந்தார்.

"வந்துட்டியா?" என்றார் மருதாசலம்.

"நான் எங்க போனேன்? கீழ போயி டீ வாங்கிட்டு வந்தேன்." போசியை மேசைமேல் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஆறு வருசமா இதே கேள்விதானுங்க மேடம். தெனமும் காலைல கண்ணத் தொறந்ததும் மொத வார்த்தை, வந்துட்டியா. பக்கத்துலயே படுத்திருக்கறவள!"

மருதாசலம் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம்.

பத்தே காலுக்கு ஆரம்பித்தோம். எங்கள் முறை இதுதான்: அவர் வாய் ஓயாமல் பேச வேண்டும். வால்பாறைச் சாலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஆழியாற்றிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே மேலே ஏற வேண்டும். அது அவருடைய சொந்த மூளையில் உள்ள பழைய ஞாபகம், அட்டையில் இல்லை. அதில் தடுமாறினால் மூளையே கலங்குகிறது என்று பொருள், உடனே நிறுத்திவிடுவோம். நடுநடுவே நசீர் அட்டையில் உள்ள காலத்திலிருந்து கேள்வி கேட்பான்.

"ஒம்பதாவது வளைவு. இங்க நின்னா டேம் முழுசாத் தெரியும். டூரிஸ்ட்டுக வண்டிய நடு ரோட்டுல உட்டுட்டு போட்டோ புடிப்பானுக, ஹாரன் அடிச்சாலும் நகர மாட்டானுக."

"துணைநினைவு வந்து மொத தீபாவளிக்கு என்ன பலகாரம்ணே?" என்றான் நசீர்.

"அதிரசம். வசந்தா அடுப்புல வெச்சுட்டு... வெச்சுட்டு..." அவர் நெற்றியைச் சுருக்கினார். "இருங்க, வாய்க்கு வருது. ஆ! டிவி பாக்கப் போயிட்டா. அத்தனையும் கருகிப் போச்சு!"

"நகர்ந்துடுச்சு!" நசீர் கத்தினான். "மேடம், அந்தப் பக்கம் இப்பத்தான் நகர்ந்துது! நாக்கு நுனி!"

"கருகுனது மட்டும் மறக்காது இந்த மனுசனுக்கு" என்றார் வசந்தாமணி.

ஒரு நினைவு ஓர் அட்டையை விட்டு இன்னோர் அட்டைக்குக் குடிபோவதை, அந்த மனிதரின் முகத்திலேயே பார்த்துவிட்டேன். திரையில் மீதிப் பக்கங்களின் எண் இறங்கிக்கொண்டே இருந்தது. நாற்பதாயிரம். இருபதாயிரம். இரண்டாயிரம். அவர் நாற்பதாவது வளைவைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்துக்குள் நுழையும்போது எண் ஒன்றில் வந்து நின்றது.

ஒன்று. அதற்குக் கீழே இறங்கவில்லை.

கர்னல் திரும்பத் திரும்ப முயன்றது. பயன்பாட்டில் உள்ளது, நகர்த்த இயலவில்லை. பயன்பாட்டில் உள்ளது, நகர்த்த இயலவில்லை. பிழைகள் நிமிடத்துக்கு நாற்பதாகிவிட்டன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டர் ஒலிபெருக்கியில் சொன்னார்: "தமயந்தி, நூறைத் தாண்டினா நான் காத்திருக்க மாட்டேன். அட்டையைப் பிடுங்கச் சொல்லிடுவேன். செத்த அட்டை மத்த மூணையும் இழுத்துட்டுப் போயிடும்."

"என்னாச்சுங்க?" என்றார் மருதாசலம்.

"எல்லாரும் எறங்கிட்டாங்க. ஒருத்தர் மட்டும் எறங்க மாட்டேங்கறார்."

"தூங்கிட்டானா?"

"இல்லண்ணா. ஜன்னல் வழியா யாரோ அவர் கையப் புடிச்சிட்டு நிக்கறாங்க. கையப் புடிச்சிருக்கறப்ப ஆள நகர்த்தக் கூடாது, அதான் விதி. ஒவ்வொரு பக்கத்தையும் எத்தனை பேர் புடிச்சிருக்காங்கன்னு கர்னல் எண்ணி வெச்சிருக்கும். அந்த எண்ணிக்கை பூஜ்யமானாத்தான் பக்கம் நகரும்."

முதலில் எங்கள் நிரலில்தான் தவறு என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் வழக்கமாக நடப்பது அதுதான். எதையோ சோதித்துப் பார்க்க ஒரு பக்கத்தைப் பிடித்துவைத்துவிட்டு, விட மறந்துவிடுவோம். பத்து நிமிடம் தேடினோம். பிடித்திருந்தது கர்னல் இல்லை. பிடி மூளையின் பக்கத்திலிருந்து வந்தது. நொடிக்கு ஐந்தாறு முறை, மூச்சைப்போல ஓயாமல், அவருடைய மூளை அந்த ஒரே பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. நகர்த்தத் தேவை கால் நொடி இடைவெளி. அது கிடைக்கவே இல்லை.

"மேடம், மனுச மூளை தானாவே ஒரு பக்கத்தப் புடிச்சு வெச்சிருக்கு!" என்றான் நசீர். "ஆறு வருசமா! இதுக்கே ஒரு பேப்பர் எழுதலாம்!"

"அப்புறம் எழுதலாம். எப்ப எழுதின பக்கம் அது?"

உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களால் பார்க்க முடியாது. பார்க்கவும் கூடாது. எழுதப்பட்ட நேரம் மட்டும் தெரியும். நசீர் வாசித்தான். ஆறு ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்ட் பதினெட்டு, மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடம்.

திரையில் அந்த நேரத்தை நானே இன்னொரு முறை வாசித்தேன்.

அந்தத் தேதிக்கு ஒரு கதை உண்டு. அட்டையைப் பள்ளத்தில் செருகுவது ஒன்று, அதைத் திறந்துவிடுவது வேறு. செருகியதும் கர்னலுக்கு அட்டை இருப்பது தெரியும், ஆனால் அதில் எதையும் எழுதாது. திற என்று ஆணை கொடுத்த பிறகுதான் எழுதத் தொடங்கும். முதல் அட்டையைப் பதினெட்டாம் தேதி காலையில் செருகினோம். திறப்பு விழா மறுநாள். பெரிய மனிதர்கள் வந்து பொத்தானை அழுத்துவதாக ஏற்பாடு. அவர்கள் முன்னால் சொதப்பிவிடுமோ என்ற பயத்தில், யாரிடமும் சொல்லாமல், முந்தின நாள் மாலை நான்கு மணி மூன்று நிமிடத்துக்கே நான் அட்டையைத் திறந்துவிட்டேன். விளக்கு எரியவில்லை, சத்தம் இல்லை, அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் என் பெருமை. விழித்திருக்கும் மனிதருக்கு எதுவும் தடைபடாமல் நினைவைச் சேர்த்துவிட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை என்று அன்று கேன்டீனில் இரண்டு டீ குடித்தேன். மறுநாள் அழுத்தப்பட்ட பொத்தானுக்கு எந்த இணைப்பும் இல்லை.

"அன்னிக்கு நாலு மணிக்கு அறையில யார் இருந்தாங்க?" என்று கேட்டேன்.

மருதாசலம் கண்களை மூடிக்கொண்டார். வசந்தாமணி எழுந்தார்.

"மேடம், ஒரு நிமிசம் வெளிய வர்றீங்களா?"

நடைவழியில் அவர் சுவரில் சாய்ந்து நின்றார்.

"அட்டை பத்தொம்பதாந்தேதிதானே தொறந்தீங்க? நானும் அங்கதானே நின்னேன்? கை தட்டுனாங்களே?"

நான் சொன்னேன். விழா வெறும் நாடகம் என்றும், முந்தின நாளே திறந்துவிட்டேன் என்றும், ஆறு ஆண்டுகளில் முதல்முறையாகச் சொன்னேன்.

வசந்தாமணி தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். "எட்டு மாசமுங்க. நாலு நிமிசத்துக்கு ஒருக்கா, ஏன் வசந்தா அழுவறேன்னு கேப்பாரு. சொல்லுவேன். மறந்துருவாரு. மறுபடியும் கேப்பாரு. அப்புறம் ஒரு நாள் மனசுல இருக்கறத அப்படியே சொல்லிப் பாத்தேன். என்னால முடியல மாமா, நான் போயிடறேன்னு. அழுதாரு. நாலு நிமிசத்துல எல்லாம் போச்சு, சிரிச்சுட்டே காபி கேட்டாரு. அதுக்கப்புறம் தெனமும் சொல்ல ஆரம்பிச்சுட்டேன். எனக்கு வேற யாரு இருந்தாங்க சொல்றதுக்கு?" முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அன்னிக்கு மட்டும் நெசமாவே சொன்னேன். பையெல்லாம் கட்டி வெச்சுட்டேன். தாராபுரத்துல அண்ணன் ஊட்டுக்கு. மறுநா காத்தால வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டு, விழா முடிஞ்சதும் கெளம்பலாம்னு இருந்தேன்."

"அப்புறம் ஏன் போகல?"

"போசியோட உள்ள வந்தேன். வந்துட்டியான்னாரு. அவ்வளவு சந்தோசமாக் கேட்டாரு. சரி, நாளைக்குப் போலாம்னு இருந்தேன். அப்படியே ஆறு வருசம் ஓடிப் போச்சு." திடீரென்று என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? இனிமே இவரு காதுல உழுகறது தங்கும்னு ஒரு வார்த்தை?"

எப்படி இயங்குகிறது என்று எல்லோருக்கும் விளக்குகிறவள் நான். விளக்க வேண்டிய ஒரே ஆளிடம் விளக்காமல் விட்டிருந்தேன்.

"டாக்டரு புடுங்கலாம்னு சொன்னாரில்ல?" என்றார் வசந்தாமணி. "புடுங்குனா அந்த ஒரு பக்கம் மட்டுந்தானே போகும்?"

"ஆமா. மத்ததெல்லாம் நகர்ந்துடுச்சு."

"அப்பப் புடுங்கிருங்க. பாவம், ஆறு வருசம் தூக்கிட்டுத் திரிஞ்சுட்டாரு. போதும். அவருக்கும் தெரியாது, எனக்கும் நிம்மதி."

எவ்வளவு எளிது! டாக்டரே ஆணை கொடுக்கப் போகிறார். பதிவேட்டில், பழுதான அட்டையில் ஒரு பக்கம் இழப்பு என்று ஒரு வரி. என் பொய்க்கும் சாட்சி இருக்காது. சரி என்று வாய் வரை வந்துவிட்டது.

"அக்கா, அது அவரோடது" என்றேன். "அவர் கேட்காம நான் ஒண்ணச் சேர்த்துட்டேன். இப்ப அவரக் கேட்காம இன்னொண்ண எடுக்க மாட்டேன். நீங்களே கேளுங்க."

உள்ளே பிழைகள் எழுபதைத் தாண்டியிருந்தன. மருதாசலம் கண்ணைத் திறக்கவில்லை. வசந்தாமணி அவர் அருகில் போய் நின்றார்.

"மாமா. அன்னிக்கு நான் சொன்னது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"இத்தனை நாளும்?"

"ம்."

"ஒரு வார்த்தை கேக்கலியே நீங்க. ஒரு நாளாவது திட்டியிருக்கலாமில்ல?"

"எதுக்குத் திட்டறது?" அவர் கண்ணைத் திறந்தார். "கேளு வசந்தா. எட்டு மாசத்துல மொத மொதலா காத்தால ஒண்ணு ஞாபகம் இருந்துது. அது என்னன்னா, நீ போறேன்னு சொன்னது. கண்ணத் தொறக்கவே பயமா இருந்துது. தொறந்தா, போசியோட நிக்கறே. போறேன்னவ போகல. அன்னியிலருந்து தெனமும் அதப் பாத்துட்டுத்தான் கண்ணத் தொறக்கறேன். தெனமும் நீ இருக்கறே." அவர் என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, அத மட்டும் எடுத்துராதீங்க. வேற எந்தப் பக்கம் வேணா போவட்டும். அதிரசங்கூடப் போவட்டும்."

"எடுக்கலண்ணா. நகர்த்தத்தான் போறோம். ஆனா நீங்க கால் நொடி அத உடணும். நீங்கதான் கையப் புடிச்சிருக்கீங்க."

"உட்டாத் தொலைஞ்சுருமேன்னு பயமா இருக்குதே. பயம் வந்தா இன்னும் கெட்டியாப் புடிக்கறேன் போலிருக்குது."

உண்மைதான். திரையில் தொடும் வேகம் இரண்டு மடங்காகியிருந்தது. வளைவுகளைச் சொல்லச் சொன்னோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறினார். ஒவ்வொரு வளைவிலும் பின்கண்ணாடியில் பார்ப்பதுபோல அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஏறினார். பிழைகள் எண்பத்தைந்து. தொண்ணூறு.

"தமயந்தி" என்றார் டாக்டர்.

வசந்தாமணி குனிந்து, இரண்டு கைகளாலும் அவர் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"என்னப் பாருங்க. அத நான் ஞாபகம் வெச்சிருக்கேன். உங்களவிட நல்லாவே எனக்கு ஞாபகம் இருக்குது. சொல்லட்டுமா?"

"இத்தன பேரு முன்னாலயா?"

"இருக்கட்டும். அன்னிக்கு நான் பச்சைச் சேலை கட்டியிருந்தேன். நீங்க ஜன்னலோரமா உக்காந்திருந்தீங்க. ஏன் வசந்தா அழுவறேன்னீங்க. நான் சொன்னேன்: நாளைக்கு நான் கெளம்பறேன் மாமா, இனி வரமாட்டேன், என்னயத் தேடாதீங்க. நீங்க ஒண்ணுமே சொல்லல. என் கையப் புடிச்சு, பத்தரமாப் போ வசந்தான்னீங்க. பஸ்ல ஜன்னல் சீட்டாப் பாத்து உக்காரு, இல்லீன்னா உனக்குக் கொமட்டும்னீங்க. போறேங்கறவளுக்கு எந்தக் கிறுக்கனாவது சீட்டு சொல்லுவானா?"

மருதாசலம் மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னிடம் இருக்கும் பக்கத்தை அல்ல, அவரை. எண்ணிக்கை ஒன்று. ஒன்று. ஒன்று.

பூஜ்யம்.

"போயிடுச்சு!" நசீர் நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்தான். "போயிடுச்சு மேடம், நாலாவதுல உக்காந்துடுச்சு!"

"என்ன சொல்லிட்டு இருந்தே?" மருதாசலம் திகைத்து நெற்றியைச் சுருக்கினார். "வாய் வரைக்கும் வருதே... ஆ. ஜன்னல் சீட்டு." அவர் கண்கள் நிறைந்தன. "இருக்குது. அப்படியே இருக்குது வசந்தா."

முதல் அட்டையை மூடும் ஆணையைக் கொடுத்தேன். மூடியாகிவிட்டது என்று திரை சொன்னது. அட்டையை உருவினேன். வெதுவெதுப்பாக, ஒரு பிஸ்கட் கனம்கூட இல்லாமல் இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் கை தட்டிக்கொண்டிருந்தார். நசீர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தான். நானும் குதித்தேன்.

பிறகு, காலியான பள்ளத்தில் மாற்று அட்டையைச் செருகினேன். திறப்பதற்கு முன் எழுந்து நின்று சத்தமாகச் சொன்னேன்: "எல்லாரும் கேட்டுக்குங்க. இப்ப இன்னொரு அட்டையத் திறக்கறேன். இனிமே இந்த அறையில பேசறது இதுலயும் தங்கும்." இப்போது எங்கள் கையேட்டில் அதுதான் முதல் விதி. அதற்குக் கீழே, ஏன் என்பதற்கான காரணமும் என் பெயரும் தேதியும் இருக்கின்றன.

வசந்தாமணி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு நான் கெளம்பறேன் மாமா."

நசீரின் முகம் வெளுத்தது.

"வால்பாறைக்கு. ஆறு வருசத்துல ஒருக்காகூட நீங்க அந்தப் பக்கம் போகல. நீங்களும் வர்றீங்க."

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சோதனைக்காக நான் அறைக்குப் போனேன். மருதாசலம் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். திரையில் அந்தப் பக்கத்தைத் தேடினேன். நான்காம் அட்டையில் பத்திரமாக இருந்தது. முந்தின நாள் மதியத்திலிருந்து அவர் மூளை அதைத் தொட்டிருக்கவில்லை.

வசந்தாமணி போசியோடு உள்ளே வந்தார். சத்தம் கேட்டு மருதாசலம் கண்ணைத் திறந்தார். நான் அந்தப் பக்கத்தின் பிடி எண்ணிக்கையைப் பார்த்தேன். பூஜ்யம்.

"போலாமா?" என்றார் மருதாசலம்.